நான்காம் சீலமும் கண்டோர் கடமையும்



பஞ்சசீலத்தை நாம் நாடோறும் ஓதி வருகின்றோம். பொய்யுரையாமை என்னும் நான்காம் சீலத்தை ஓதும்போது நம்மிற் பலருடைய நினைவில் எழுவது யாது? கடைக்காரன் எடையிற் செய்யும் பொய், கடன் வாங்கியவன் தவணைக்குச் சொல்லும் பொய், பிள்ளை தாயிடம் சொல்லும் பொய், இவை போன்றவையே. ஆனால் மஜ்ஜிம நிகாயத்துச் சாலெய்யக சூத்திரத்தில் பகவான் புத்தர் பொய் இன்னதென்று விளக்கும்போது இவற்றை எடுத்துக்காட்டவில்லை. ஒருவன் சபையிலே சாட்சியாக அழைக்கப்படுகின்றான். அவன் கண்டதைக் காணவில்லை என்கின்றான். தன் பொருட்டோ, பிறர் பொருட்டோ, ஏதோ ஓர் அற்ப ஆதாயத்தின் பொருட்டோ அவ்வாறு சொல்லுகின்றான். அவனையே பகவர் நமக்குக் காட்டுகின்றார்.

ஆதலின் சாட்சியின் வாய்மை என்பது நான்காம் சீலத்தின் ஓரத்தில் நிற்பதன்று. அதன் நடுவில் நிற்பது. இன்றைய பாடம் அதனைப் பற்றியதே. அதிகாரம் உடையவன் கைத்தடி அதிகாரம் அற்றவன் முதுகில் விழும்போது, அதைக் கண்டவன் என்ன செய்யக் கடமைப்பட்டவன்? இக்கேள்விக்குத் தங்கள் உடம்பைக் கொடுத்து விடை தேடியவர்கள் அமெரிக்க நாட்டுக் கறுப்பின மக்கள். அவர்களுடைய வரலாற்றிற் சில பக்கங்களை இங்கு வாசிப்போம்.

முதலில் ஓர் ஒப்புதல்

பிறர்க்குப் பாடம் சொல்லப் புகுமுன் நமது குற்றத்தைச் சொல்லிவிடுதல் முறை.

நாம் நூற்பாலையில் வேலை செய்துவந்த காலத்தில், போனஸ் தகராறு ஒன்று நடந்தது. இரண்டாம் ஷிப்டு முடிந்து சங்கு ஊதிய நேரத்தில் ஆலை வாயிலில் தடியடி நடந்தது. நம்மோடு ஒரே வரிசையில் வேலை பார்த்த இளைஞர் ஒருவர், மறியலிற் கலவாதவர், கையில் தூக்குச்சட்டியோடு வெளியே வந்தவர், மூவரிடம் அகப்பட்டுக்கொண்டார். அவர் கீழே விழுந்த பின்னும் அடி நிற்கவில்லை. பத்தடி தூரத்தில் நின்று நாம் அதனைக் கண்டோம். சில நாள் கழித்து விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். கண்டவர் யார் என்று கேட்டார். நாம் உள்ளே இருந்தோம், ஒன்றும் காணவில்லை என்றோம். நம்மைப் போலவே பதினைந்து பேர் சொன்னார்கள். அவர் ஓடும்போது இடறி விழுந்தார் என்று எழுதப்பட்டது. முறிந்த வலக்கை நேராகக் கூடவில்லை. நூல் முடிய அந்தக் கை பின்னர் உதவவில்லை.

வேலை போய்விடுமே என்ற அச்சத்தால் அப்பொய்யைச் சொன்னோம். சில ஆண்டுகளில் அந்த ஆலையே மூடப்பட்டது. வேலை போயிற்று, பொய் மட்டும் நம்மிடம் தங்கிற்று. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அதுவே.

அவர்களும் நாமும்

கடல் கடந்த மக்களின் கதை நமக்கு ஏன் என்று சிலர் கேட்கலாம். போதிசத்துவர் டாக்டர் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக் கழகத்திற் பயின்றவர். அவர் 1946ஆம் ஆண்டில், கறுப்பின மக்களின் பேரறிஞராகிய டபிள்யூ. ஈ. பி. டுபாய்ஸ் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் தங்கள் குறைகளை ஐக்கிய நாடுகள் சபைக்கு விண்ணப்பம் செய்ததாக அறிந்து, அவ்விண்ணப்பத்தின் படியைக் கேட்டு எழுதப்பட்ட கடிதம் அது. தீண்டப்படாதோரின் நிலையும் அவர்களுடைய நிலையும் மிகவும் ஒத்தவை என்ற கருத்தை அதில் தெரிவித்தார். டுபாய்ஸ் அவ்வாண்டு ஜூலையிலேயே பதில் எழுதினார். ஆகவே அவர்களுடைய வரலாற்றைப் படிப்பது அம்பேத்கர் தொடங்கிவைத்த படிப்பேயாகும்.

அந்நாட்டில் அடிமை முறை 1865இல் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் தென் மாகாணங்களில் வேறு சட்டங்கள் பிறந்தன. பள்ளி வேறு, இரயில் பெட்டி வேறு, தண்ணீர்க் குழாய் வேறு, உணவு விடுதி வேறு என்று பிரித்துவைத்தார்கள். பிரித்தாலும் சமமாக நடத்தினாற் போதும் என்று 1896இல் அந்நாட்டு உயர்தர நீதிமன்றமே தீர்ப்பளித்தது. 1954இல்தான் பள்ளிகளைப் பொறுத்து அத்தீர்ப்பு தள்ளப்பட்டது. இடைப்பட்ட காலமெல்லாம் அந்தப் பிரிவினையைக் காத்து நின்றவர் யார்? சட்டப் புத்தகம் தானே நடந்து வந்து ஒருவனைக் குழாயடியிலிருந்து விரட்டாது. அதற்குத் தடி ஏந்திய கை ஒன்று வேண்டும். காவலர் கையே அந்தக் கை. இதனாலேயே நிறக்கொடுமையும் காவலர் கொடுமையும் அந்நாட்டில் ஒட்டிப் பிறந்தவையாயின.

சுட்டிக்காட்டிய முதியவர்

1955ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். சிகாகோ நகரத்திலிருந்து எம்மெட் டில் என்னும் 14 வயதுச் சிறுவன், மிசிசிப்பி மாகாணத்தில் இருந்த உறவினர் வீட்டுக்கு விடுமுறைக்கு வந்திருந்தான். ஒரு கடையில் வெள்ளைப் பெண்ணொருத்தியிடம் முறை தவறி நடந்தான் என்பது அவன்மீது சொல்லப்பட்ட குற்றம். நள்ளிரவில் வெள்ளையர் இருவர் அவனை வீட்டிலிருந்து தூக்கிச் சென்றனர். சில நாளில் அவன் சடலம் ஆற்றிலே கிடைத்தது. முகம் அடையாளம் தெரியாதவாறு சிதைந்திருந்தது.

அவன் தாயார் மேமி டில் ஒரு காரியம் செய்தார். சவப்பெட்டியை மூடக்கூடாது என்றார். தம் மகனுக்குச் செய்யப்பட்டதை உலகம் காண வேண்டும் என்றார். சிகாகோவில் பல்லாயிரம் மக்கள் வரிசையில் நின்று அம்முகத்தைக் கண்டார்கள். பத்திரிகையில் வந்த படத்தை நாடெங்கும் உள்ள கறுப்பின மக்கள் கண்டார்கள்.

மற்றொரு காரியம் நீதிமன்றத்தில் நடந்தது. சிறுவன் தங்கியிருந்த வீட்டுக்காரர் மோசஸ் ரைட், 64 வயதினர். வாரத்துக்குப் பயிர் செய்த உழவர். சமயப் போதகராகவும் இருந்தவர். நிறைந்த சபையிலே அம்முதியவர் எழுந்து நின்று, கை நீட்டி, அன்றிரவு வந்தவர்கள் இவர்களே என்று சுட்டிக்காட்டினார். அம்மாகாணத்தில் கறுப்பர் ஒருவர் வெள்ளையரை அவ்வாறு சுட்டுதல் தம் சாவுக்குத் தாமே ஓலை எழுதுவதை ஒக்கும். அவ்வூர்க் காவல் தலைவராகிய ஷெரிப்போ, குற்றம் சாட்டப்பட்டவர்க்கு ஆதரவாகச் சாட்சி சொன்னார்! ஜூரர் பன்னிருவரும் வெள்ளை ஆடவர். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் கூடிப் பேசி இருவரையும் விடுவித்தார்கள். சில மாதங்களில் அவ்விருவரும் ஒரு பத்திரிகையிடம் பணம் பெற்றுக்கொண்டு, தாங்களே கொன்றதாக ஒப்புக்கொண்டார்கள். மோசஸ் ரைட் தம் ஊரைவிட்டு வடக்கே குடிபெயர வேண்டியதாயிற்று.

அவருடைய சாட்சி வீணாயிற்றா? அன்றைக்கு வீணாயிற்று என்றே சொல்ல வேண்டும். ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் அலபாமா மாகாணத்து மாண்ட்கோமரி நகரில் பேருந்துப் பகிஷ்காரம் தொடங்கிற்று. மக்கள் 381 நாட்கள் நடந்தே வேலைக்குச் சென்றார்கள். முடிவில் பேருந்தில் நிறப்பிரிவினை ஒழிந்தது. அங்கே நடந்த மக்களில் டில் என்னும் சிறுவனின் முகத்தை அறியாதவர் சிலரே. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கும்பற் கொலையை ஐக்கிய நாட்டரசின் குற்றமாக்கிய சட்டம் அச்சிறுவன் பெயராலேயே இயற்றப்பட்டது. இடையில் கழிந்தவை 67 ஆண்டுகள். சாட்சியின் விதை முளைக்கக் காலம் பிடிக்கும் என்பதை நாம் மறைக்கப் போவதில்லை.

நாகபுரியிலிருந்து சென்றவர்

இனி நம் நாட்டோடு தொடர்புடைய ஒருவரைக் காண்போம். ஜேம்ஸ் லாசன் என்னும் கறுப்பின இளைஞர், கொரியப் போரின்போது படையிற் சேர மறுத்துச் சிறை சென்றவர். பின்னர் 1953 முதல் 1956 வரை நாகபுரி நகரத்து ஹிஸ்லாப் கல்லூரியில் பணி செய்தார். 1956 அக்டோபர் 14ஆம் நாள் அம்பேத்கர் தீட்சை ஏற்ற அதே நாகபுரிதான். மாண்ட்கோமரிச் செய்தியை லாசன் அங்கே பத்திரிகையில் படித்தார். 1956இல் தாய்நாடு திரும்பினார்.

அவர் இங்கு ஆராய்ந்தது காந்தியாரின் முறை. 1932ஆம் ஆண்டுப் பூனா ஒப்பந்தம் முதலியவற்றால் காந்தியாரிடம் நம்மவர்க்கு உள்ள மனத்தாங்கலை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் அடிக்கு அடி கொடாமல் உரிமையை நிலைநாட்டும் முறை ஒருவருடைய தனிச்சொத்தன்று. 1927 மார்ச்சு 20ஆம் நாள் மகாட் நகரத்துச் சவுதார் குளத்தில் அம்பேத்கர் நீர் அருந்தினார். பின்னர் நம் மக்கள் தாக்கப்பட்டனர். அப்போது பதிலுக்குக் கை ஓங்காதவாறு தம் மக்களை அவர் தடுத்து நிறுத்தினார். அதன்பின் பத்தாண்டுக் காலம் நீதிமன்றத்தில் வழக்காடி, 1937இல் அக்குளத்தின்மீது உள்ள உரிமையை வென்றெடுத்தார். கட்டுப்பாடும் சாட்சியும் ஒருங்கே நின்ற போராட்டம் அது.

லாசன் டென்னஸி மாகாணத்து நாஷ்வில் நகரில் மாணவர்களைக் கூட்டி வாரந்தோறும் பயிற்சி நடத்தினார். அது எத்தகைய பயிற்சி? சிலர் விடுதியில் உட்கார்ந்திருப்பது போல் நாற்காலியில் அமர்வர். சிலர் வெறியர் வேடம் பூண்டு, இழிமொழி சொல்லுவர், சிகரெட்டுப் புகையை முகத்தில் ஊதுவர், தலைமயிரைப் பற்றி இழுப்பர், நாற்காலியோடு தள்ளுவர். அமர்ந்தவர் திரும்ப அடிக்கலாகாது. விழுந்தால் தலையைக் காத்துச் சுருண்டுகொள்ளக் கற்றனர். தோழர் ஒருவர் மிகவும் அடிபட்டால், மற்றவர் தம் உடலால் அவரை மறைக்கக் கற்றனர். அடிப்பவன் கண்ணை நேரே பார்க்கக் கற்றனர்.

1960 பிப்ரவரியில் இம்மாணவர்கள் வெள்ளையர்க்கு மட்டும் உணவளித்த விடுதிகளிற் சென்று அமர்ந்தார்கள். பிப்ரவரி 27ஆம் நாள் வெள்ளை இளைஞர் கூட்டம் அவர்களைத் தாக்கிற்று. போலீசார் வந்தார்கள்; அடித்தவர்களை விட்டுவிட்டு, அடிபட்ட மாணவர் சுமார் 80 பேரைக் கைது செய்தார்கள். ஒரு குழு எழுந்து செல்ல, மற்றொரு குழு வந்து அதே நாற்காலிகளில் அமர்ந்தது. ஏப்ரல் 19ஆம் நாள் விடியலில் மாணவர்களுடைய வழக்குரைஞர் வீட்டில் வெடிகுண்டு வீசப்பட்டது. அன்றே பல்லாயிரவர் வாய் திறவாமல் நகர மண்டபத்துக்கு நடந்தார்கள். அங்கே டையன் நாஷ் என்னும் மாணவி, மேயர் பென் வெஸ்ட் அவர்களை நோக்கி, நிறத்துக்காக ஒருவரை வேறுபடுத்துவது தவறென்று நீங்கள் கருதுகிறீர்களா என்று நேராகக் கேட்டார். மேயர் ஆம் என்றார். மே மாதம் 10ஆம் நாள் அந்நகரத்து விடுதிகள் கதவு திறந்தன.

அம்மாணவி மேயரிடம் கேட்டது யாது? கருணையன்று. அவர் தம் மனத்தில் கண்டதைச் சபையிற் சொல்லச் செய்தார். அதிகாரத்தில் இருப்பவனையே சாட்சியாக்கிவிட்டார்.

பர்மிங்ஹாம் வீதியும் செல்மாப் பாலமும்

1963ஆம் ஆண்டில் அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில் மார்ட்டின் லூதர் கிங் முதலியோர் போராட்டம் நடத்தினர். அந்நகரத்துப் பாதுகாப்பு ஆணையர் யூஜீன் கானர். முதியோர் சிறை நிரம்பவே, மே மாதம் 2ஆம் நாள் பள்ளிப் பிள்ளைகள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வீதிக்கு வந்தார்கள். மறுநாள் கானர் அவர்கள்மீது போலீஸ் நாய்களை ஏவினார். தீயணைக்கும் குழாய்களைத் திறந்துவிட்டார். மரப்பட்டையை உரிக்கும் வேகமுடைய நீர் பிள்ளைகளை வீதியில் உருட்டிற்று. அப்படங்கள் உலகெங்கும் பத்திரிகைகளில் வெளிவந்தன.

பிள்ளைகளை முன்னிறுத்தியது சரியா? கிங் அவர்களே முதலில் தயங்கினார். மால்கம் எக்ஸ் அதனைக் கடுமையாகக் கண்டித்தார். இவ்வினாவை நாமும் எளிதாகத் தள்ளிவிட முடியாது. அவ்வாண்டு செப்டம்பர் 15ஆம் நாள் அந்நகரத்து ஆலயத்தில் வெறியர் வைத்த குண்டு நான்கு சிறுமிகளைக் கொன்றது. மூவர்க்கு வயது 14, ஒருத்திக்கு 11. வெற்றியின் கணக்கை எழுதும்போது இந்த விலையையும் எழுத வேண்டும். பொது இடங்களில் நிறப்பிரிவினையைத் தடுத்த சட்டம் 1964 ஜூலை 2ஆம் நாள் கையெழுத்தாயிற்று.

அடுத்தது வாக்குரிமை. அலபாமாவின் செல்மாப் பகுதியில், தகுதியுள்ள கறுப்பின மக்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்க்கே வாக்காளர் பட்டியலில் இடம் கிடைத்திருந்தது. 1965 பிப்ரவரி 18ஆம் நாள் இரவு, அருகிலுள்ள மேரியன் என்னும் ஊரில் ஊர்வலத்தைப் போலீசார் அடித்துக் கலைத்தபோது, ஜிம்மி லீ ஜாக்சன் என்னும் இளைஞர் மாகாணக் காவலர் ஒருவரால் சுடப்பட்டு, எட்டு நாட்களில் உயிர் நீத்தார். அச்சாவுக்கு நியாயம் கேட்டு மார்ச்சு 7ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை சுமார் 600 பேர் செல்மாவின் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைக் கடந்து நடந்தனர். முன்வரிசையில் நடந்தவருள் ஒருவர் ஜான் லூயிஸ். லாசனிடம் நாஷ்விலில் பயிற்சி பெற்ற மாணவர். அப்போது வயது 25. பாலத்தின் மறுகரையில் காவலர் படை நின்றது. குண்டாந்தடி, கண்ணீர்ப்புகை, குதிரைகள் யாவும் அவர்கள்மீது பாய்ந்தன. லூயிஸின் மண்டை ஓடு பிளந்தது.

அன்றிரவே தொலைக்காட்சியில் ஒரு திரைப்படத்தை இடையில் நிறுத்தி இக்காட்சியைக் காட்டினார்கள். அத்திரைப்படம் ஜெர்மானிய நாஜிக் கொடுமையில் உடந்தையாயிருந்தோரின் விசாரணையைப் பற்றியது. வீட்டில் அமர்ந்து கண்டவர் பலர் பெட்டியைக் கட்டிக்கொண்டு செல்மாவுக்குப் புறப்பட்டார்கள். அவ்வாறு வந்த வெள்ளைப் போதகர் ஜேம்ஸ் ரீப் வெறியரால் அடிபட்டு இறந்தார். மார்ச்சு 21ஆம் நாள் மீண்டும் தொடங்கிய நடைப்பயணம், 54 மைல் கடந்து 25ஆம் நாள் மாண்ட்கோமரியை அடைந்தபோது, 25,000 பேர் கூடியிருந்தனர். ஆகஸ்டு 6ஆம் நாள் வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தாயிற்று.

ஜாக்சனைச் சுட்ட காவலர் என்ன ஆனார்? 2007இல்தான் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 2010இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஆறு மாதச் சிறை பெற்றார். 45 ஆண்டுக்குப் பின் ஆறு மாதம்! 2013இல் உயர்தர நீதிமன்றத் தீர்ப்பொன்று வாக்குரிமைச் சட்டத்தின் முக்கியப் பகுதியையும் வலுவிழக்கச் செய்தது. ஒருமுறை பெற்ற உரிமை என்றைக்கும் நிலைக்கும் என்று எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்க.

ஒன்பது நிமிடங்கள்

1991 மார்ச்சு 3ஆம் நாள் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ராட்னி கிங் என்னும் கறுப்பரைப் போலீசார் சூழ்ந்து அடித்ததை, ஒருவர் தம் வீட்டு மாடத்திலிருந்து படம் பிடித்தார். உலகமே அதனைக் கண்டது. ஆயினும் 1992 ஏப்ரல் 29ஆம் நாள் அக்காவலர்கள் தண்டனையின்றி விடப்பட்டனர். நகரம் தீப்பற்றி எரிந்தது. 50க்கு மேற்பட்டோர் மாண்டனர். மறு ஆண்டு ஐக்கிய நாட்டரசின் வழக்கில் இருவர் தண்டிக்கப்பட்டனர். இதனால் நாம் அறிவது யாது? படம் மட்டும் போதாது. படத்தைக் கண்டவர் நீதிமன்றத்தில் நின்று பேச வேண்டும். கேட்பவர் காதும் திறந்திருக்க வேண்டும்.

2020 மே மாதம் 25ஆம் நாள் மினியாபொலிஸ் நகரில் நடந்ததை அன்பர்கள் பலரும் அறிவர். கள்ள 20 டாலர் நோட்டுக் கொடுத்தார் என்ற ஐயத்தின்பேரில் பிடிக்கப்பட்ட ஜார்ஜ் பிளாய்ட் என்பவரை, கைவிலங்கிட்டுத் தரையிற் கிடத்தி, டெரிக் ஷாவின் என்னும் காவலர் அவர் கழுத்தின்மீது முழங்காலை 9 நிமிடம் 29 விநாடி ஊன்றியிருந்தார். பிளாய்ட் உயிர் நீத்தார். காவல்துறை முதலில் வெளியிட்ட அறிக்கை, கைதின்போது அவர்க்கு உடல்நலக் கேடு உண்டாயிற்று என்ற கருத்துப்பட அமைந்தது. நமது ஆலை வாயிலில் இடறி விழுந்தார் என்று எழுதப்பட்டதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

வேற்றுமை பின்னால் நடந்ததில் இருக்கின்றது. 17 வயதுப் பெண் ஒருத்தி அங்கிருந்து ஓடிவிடாமல், தன் கைபேசியில் முழுவதையும் படமெடுத்து அன்றிரவே உலகுக்குக் காட்டினாள். வழியே வந்த தீயணைப்புத் துறைப் பெண் ஒருவர் நாடியைப் பாருங்கள் என்று காவலரிடம் வற்புறுத்தினார். அவரை அருகில் விடவில்லை. நாட்டின் 50 மாகாணங்களிலும் மக்கள் வீதிக்கு வந்தார்கள். மிகப் பெரும்பாலான ஊர்வலங்கள் அமைதியாக நடந்தன. சில இடங்களில் தீவைப்பும் கொள்ளையும் நடந்தன. மே 28ஆம் நாள் அந்நகரத்துக் காவல் நிலையம் ஒன்றே எரிந்தது. ஆனால் ஷாவினைத் தண்டித்தது எரிந்த நிலையமன்று. வழக்கு விசாரணையில் அப்பெண்ணும், 9 வயதுச் சிறுமி ஒருத்தியும், தீயணைப்பு வீரரும், வழிப்போக்கர் பலரும் கண்டதைக் கண்டபடி சொன்னார்கள். அந்நகரத்துக் காவல்துறைத் தலைவர் மெடாரியா அராடாண்டோ தாமே வந்து, ஷாவின் செய்தது துறையின் விதிக்கும் பயிற்சிக்கும் மாறானது என்று சாட்சி சொன்னார். 2021 ஏப்ரல் 20ஆம் நாள் குற்றம் உறுதியாயிற்று. 22 ஆண்டு 6 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. உடனிருந்த காவலர் மூவரும் 2022 பிப்ரவரியில் ஐக்கிய நாட்டரசின் வழக்கில் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டனர். அவர்களுள் இருவர்மீது, கண்டும் தடுக்கவில்லை என்பதே ஒரு குற்றமாக நிலைநாட்டப்பட்டது.

படமெடுத்த அப்பெண், தான் மேலும் ஏதும் செய்யாமற் போனதற்காக இரவுகளில் உறங்காமல் பிளாய்டிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பதாக நீதிமன்றத்தில் சொன்னாள். அத்தனை செய்தவளே அவ்வாறு வருந்தினால், ஒன்றும் செய்யாத நாம் எங்கே நிற்பது?

நாம் கைக்கொள்ள வேண்டியவை

1. கண்டதை அன்றே எழுதிவைத்தல். நாள், நேரம், இடம், காவலர் பெயர் அல்லது எண், அருகிலிருந்தோர் யார் என்பவற்றை எழுதிக் கையொப்பமிட்டு வைக்க வேண்டும். கைபேசி இருந்தால் தொலைவில் நின்று படமெடுக்கலாம். நினைவு மங்கும், அச்சம் அதனை மேலும் மங்கச் செய்யும். நம் நாட்டு உச்சநீதிமன்றம் 1996இல் டி. கே. பாசு வழக்கில், கைது செய்யும் காவலர் பெயர் தெரியும் அடையாளம் அணிய வேண்டும், கைதுக் குறிப்பில் குடும்பத்தார் ஒருவரேனும் அவ்வூரின் மதிப்புக்குரிய ஒருவரேனும் சாட்சிக் கையொப்பமிட வேண்டும் என்று கட்டளையிட்டது. இதனை ஒவ்வொரு கிளைச் சங்கத்தாரும் மனப்பாடமாக அறிந்திருத்தல் நலம்.

2. சாட்சியைத் தனியே விடாதிருத்தல். மோசஸ் ரைட் ஊரைவிட்டுப் போக நேர்ந்ததை மறவற்க. சாட்சி சொன்னவனுக்கு வேலை போனால் அரிசி கொடுப்பது யார்? அவனோடு நீதிமன்றத்துக்கு நடப்பது யார்? சங்கம் என்பது இதற்காகவே. பதினைந்து பேர் சேர்ந்து பொய் சொன்னோம். பதினைந்து பேர் சேர்ந்து மெய் சொல்லியிருந்தால் எவரையும் எளிதில் வேலை நீக்கியிருக்க மாட்டார்கள்.

3. ஊர்வலத்துக்கு முன் பயிற்சி. சினத்தோடு வீதிக்கு வருவது எளிது. முதல் தடி விழும்போது என்ன செய்வதென்பதை வீதியிற் கற்க முடியாது. நாஷ்வில் மாணவர் வாரக்கணக்கிற் கற்றனர். முதியோரும் பிள்ளைகளும் எங்கே நிற்பது என்பதையும் முன்னரே முடிவு செய்ய வேண்டும்.

4. காவலரிடமும் பகை கொள்ளாமை. காக்கி உடுத்தவரிலும் நம் வீட்டுப் பிள்ளைகள் உளர். தம் கீழ்ப் பணிபுரிந்தவருக்கு எதிராக மெய் சொன்ன அராடாண்டோவும் காவலரே. கொடுமையைக் கொடுமை என்று சொல்லுவதற்கு வெறுப்பு வேண்டுவதில்லை. வெறுப்பால் சாட்சியின் சொல் நம்பிக்கை இழக்கும்.

முடிவாக

தீட்சை ஏற்றபின், சீலத்தை ஓதும்போதெல்லாம் நான்காவதில் நமது நா தடுமாறிற்று. பல ஆண்டுகள் கழித்து அந்தத் தோழரின் வீட்டைத் தேடிச் சென்றோம். திண்ணையில் அமர்ந்து, அன்று நாம் கண்டோம், காணவில்லை என்று பொய் சொன்னோம் என்றோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "தெரியும் அண்ணே. நீங்கள் பார்த்துக்கொண்டு நின்றதை நானும் பார்த்தேன்" என்றார். இடக்கையால் நமக்குத் தேநீர் எடுத்துக் கொடுத்தார்.

கீழே கிடப்பவர் நம்மைக் காண்கின்றார், அன்பர்களே. நாம் கண்டதை அவர் கண்டிருக்கின்றார். விசாரணை அதிகாரியை ஏமாற்றலாம். அவரை ஏமாற்ற இயலாது. அன்று அவர்க்குப் பயன்பட்டிருக்க வேண்டிய சொல்லை நாம் காலந்தாழ்த்திச் சொன்னோம். நீங்கள் உரிய காலத்திற் சொல்லுங்கள்.

படிப்பு வட்டத்துக்குரிய வினாக்கள்

1. சாலெய்யக சூத்திரம் பொய்யை எவ்வாறு விளக்குகின்றது? அதன்படி வாய்மூடியிருத்தல் எப்போது பொய்யாகும்?

2. மோசஸ் ரைட் சாட்சி சொன்னதால் அன்று பெற்றது யாது, இழந்தது யாது? அவர் நமது ஊரில் இருந்தால் நம் சங்கம் அவர்க்கு என்ன செய்யும்?

3. பர்மிங்ஹாமில் பிள்ளைகளை ஊர்வலத்தில் விட்டது தக்கதா? இரு தரப்பு நியாயங்களையும் சொல்லுக.

4. 1992இலும் 2021இலும் படச்சான்று இருந்தது. முடிவு வேறுபட்டது எதனால்?

5. நாம் ஒவ்வொருவரும் கண்டும் சொல்லாது விட்டது ஏதேனும் உண்டா? இதற்கு விடை சபையிற் சொல்ல வேண்டுவதில்லை. யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் சென்று சொல்லுக.